கை பொறுக்கிற சூடு, கால் பொறுக்குமா?

மூன்று வருடத்துக்கு முன், ஒரு மார்கழி ராத்திரி. தண்டையார்பேட்டையில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டில், அண்ணனின் கால் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று அம்மா ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி, ஒரு துண்டைச் சுற்றி, அவன் குதிகாலுக்கு அடியில் வைத்தார். மேலே போர்வை. அண்ணன் நிம்மதியாகத் தூங்கினான். காலையில் போர்வையை எடுத்தபோது இடது குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். அது ஆற நான்கு மாதம் ஆனது.

துறைமுகத்தில் லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தவன் அண்ணன். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ராத்திரி முழுக்கக் கால் வெந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

அம்மா இன்றைக்கும் சொல்வார்: "நான் இன்னா கொதிக்கிற தண்ணியா ஊத்துனேன்? கை பொறுக்கிற சூடுதானே வெச்சேன்." அம்மா சொல்வது உண்மை. கை பொறுக்கிற சூடுதான். அந்தச் சூட்டிலேயே கால் எப்படி வெந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன். இப்போது வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் மின் போர்வை அனுப்புகிறார்கள், ஆன்லைனிலும் கிடைக்கிறது. "கால் ஜில்லுனு இருக்கு, கரண்ட் போர்வை வாங்கலாமா?" என்று என்னிடமே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்.

சென்னையில் ஏது குளிர்?

நியாயமான கேள்வி. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும், அவ்வளவுதான். காசிமேட்டுப் பக்கம் கடல்காற்று கொஞ்சம் கூடுதலாகக் குத்தும். நமக்கு ஒரு பெட்ஷீட் போதும். அண்ணனுக்குப் போதாது. ஏன்?

குளிர்ந்தால் நம் உடம்பு இரண்டு வேலை செய்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளே பிடித்துவைக்கிறது. அதுவும் போதாவிட்டால் தசைகளை நடுங்கவைத்துப் புதிதாகச் சூடு உண்டாக்குகிறது. இந்த உத்தரவுகள் மூளையின் அடிப்பகுதியில், பாதாம் பருப்பு அளவே உள்ள ஹைப்போதலாமஸிலிருந்து கிளம்புகின்றன. அங்கிருந்து தண்டுவடம் வழியாகக் கீழே இறங்குகின்றன. தண்டுவடம் என்பது முதுகெலும்புக்குள் ஓடும், சுண்டுவிரல் தடிமனுள்ள நரம்புக் கற்றை.

மாடியில் ரெகுலேட்டரைத் திருப்பினாலும் நடுவில் ஒயர் அறுந்திருந்தால் கீழ்வீட்டு ஃபேனுக்கு எதுவும் தெரியாது. அண்ணனுக்கு அடிபட்டது இந்தத் தண்டுவடத்தில்தான். அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு அந்த நிலையில்தான் இருக்கிறது. கால் நடுங்காது. அசையாத தசை சூடும் உண்டாக்காது. கத்திரி வெயிலில் இதே கதை தலைகீழாக நடக்கும்: அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, சூடு வெளியேறாது. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு மே மாதம் எவ்வளவு கொடுமை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆக, குளிர்கிறது என்று அவர்கள் சொல்வது உண்மை. கதகதப்பு கேட்பதிலும் தப்பில்லை. எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மிளகாயும் வெந்நீரும்

மிளகாய் கடித்தால் ஏன் "எரிகிறது" என்கிறோம்? நாக்கு சுடவில்லையே. மிளகாயின் காரப்பொருளும் கொதிக்கும் சூடும் நரம்பு நுனியில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. அந்தக் கதவை டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1997இல் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 43 டிகிரிச் சூட்டில் அந்தக் கதவு திறந்துகொள்ளும். திறந்ததும் "ஆபத்து" என்ற செய்தி நரம்பில் ஓடும்.

43 டிகிரி என்ற அளவைக் கவனியுங்கள். அதற்குக் கொஞ்சம் மேலேயிருந்துதான் தோல் வேக ஆரம்பிக்கிறது. அதனால்தான் நாம் தூக்கத்தில்கூட வெந்நீர்ப் பையிலிருந்து காலை நகர்த்திக்கொள்கிறோம். காலையில் அது நினைவில் இருக்காது. ராத்திரி பத்து தடவை நகர்த்தியிருப்போம். "கை பொறுக்கிற சூடு" என்று நாம் சொல்லும்போது, பொறுக்காவிட்டால் கையை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அண்ணனின் காலிலிருந்து செய்தி மேலே போகவும் வழியில்லை, எடுத்துக்கொள் என்ற உத்தரவு கீழே வரவும் வழியில்லை.

இங்கே பலர் ஒரு குழப்பத்தில் விழுகிறார்கள். "சூடு பட்டதும் கால் துள்ளிச்சே, அப்போ உணர்வு இருக்கு." அண்ணனின் காலும் துள்ளும். அது அனிச்சைச் செயல். மூளையைக் கேட்காமல் தண்டுவடமே கொடுக்கும் எதிர்வினைக்கு அந்தப் பெயர். தண்டுவடத்தில் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள பகுதி உயிரோடுதான் இருக்கிறது, ஆகவே கால் துள்ளலாம். அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. துள்ளிய கால் மறுபடி அதே பையின் மேலேயே வந்து விழும்.

"தொட்டா தெரியுதே?"

இதுதான் மிகவும் ஏமாற்றும் விஷயம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். பெரம்பூருக்கு ஒரு தடம் போகிறது, கொருக்குப்பேட்டைக்கு ஒரு தடம் போகிறது. ஒரு தடத்தில் வேலை நடந்தாலும் மற்றதில் வண்டி ஓடலாம். தண்டுவடத்திலும் அப்படித்தான். மெல்லிய தொடுகையைக் கொண்டுபோகும் பாதை தண்டுவடத்தின் பின்பக்கத்தில், கால் எந்தப் பக்கமோ அதே பக்கமாக மேலே ஏறுகிறது. சூடு, குளிர், வலியைக் கொண்டுபோகும் பாதை உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி, முன்பக்கமாக ஏறுகிறது.

ஆகவே முன்பக்கம் மட்டும் சேதமானவருக்குத் துணியால் தொட்டால் தெரியும், வெந்நீர் ஊற்றினால் தெரியாது. தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அடிபட்டவருக்கு இன்னும் விசித்திரம்: அசைகிற காலில் சூடு தெரியாது, அசையாத காலில் தெரியும்! தொட்டுப் பார்த்துவிட்டு "உணர்வு வந்துடுச்சு" என்று முடிவு செய்பவர்கள் தவறான தடத்தில் வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் "கை கால் விழுந்துடுச்சு" என்ற ஒரே பேச்சில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் போலியோ வந்தவரின் கால் அசையாவிட்டாலும் சூடு நன்றாகத் தெரியும். போலியோ கிருமி தாக்குவது அசைவு நரம்புகளை. பக்கவாதத்தில் உணர்வு எவ்வளவு போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் அந்தப் பக்கத்தையே மறந்துவிடுகிறார்கள், சிலரால் வாய் திறந்து சொல்ல முடியாது. சர்க்கரை நோயில் நடக்கிற காலிலேயே சூடு தெரியாமல் போகலாம். அதனால் டாக்டரிடம் "உணர்வு இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "சூடு, குளிர் தெரிகிறதா என்று தனியாகச் சோதித்துச் சொல்லுங்கள், எந்த இடம்வரை தெரிகிறது என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்கலாம். வீட்டில் நீங்களே சூடான பாத்திரத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கால் குளிர்வது நிஜம். சூட்டை எச்சரிக்கும் மணி அந்தக் காலில் அடிப்பதில்லை. தொடுகை தெரிந்தாலும், கால் துள்ளினாலும் மணி வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை.

இஸ்திரிப் பெட்டிக் கணக்கு

தெருமுனையில் இஸ்திரி போடுபவரைப் பாருங்கள். நெருப்பு மாதிரிச் சூடான பெட்டி சட்டைமேல் சர் சர் என்று ஓடும், ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில் வைத்துவிட்டு அவர் திரும்பிப் பேசினால் துணியில் ஓட்டை விழும். பெட்டியின் சூடு மாறவே இல்லை, நேரம்தான் மாறியது.

தோலுக்கும் இதே கணக்கு. 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று அளந்து பார்த்தார்கள். 60 டிகிரியில் தோல் வேக ஏறக்குறைய 5 விநாடி போதும். 49 டிகிரியில் ஏறக்குறைய 10 நிமிடம். 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரம்.

44 டிகிரி என்பது கையை வைத்தால் "சூடா இருக்கு, ஆனா பொறுக்குது" என்று சொல்லத் தோன்றும் சூடு. ஆறு மணி நேரம் என்பது ஒரு ராத்திரித் தூக்கம். கை பொறுக்கிற சூட்டில் கால் வெந்த மர்மம் இவ்வளவுதான். கை பொறுத்தது ஐந்து விநாடி. கால் பொறுக்க வேண்டியிருந்தது விடியும்வரை.

இந்தக் கணக்கும் ரத்த ஓட்டம் சரியாக உள்ள தோலுக்குத்தான். எண்ணூர் பக்கம் ஓடும் கண்டெய்னர் லாரிக்கு ரேடியேட்டர் எப்படியோ, தோலுக்கு ரத்தம் அப்படி. தோல் சூடானால் குழாய்கள் விரிந்து, கூடுதல் ரத்தம் வந்து, அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். தண்டுவடம் அடிபட்டவருக்கு இந்த விரிவு குறைவு. அதோடு குதிகால், பிட்ட எலும்பு, வால் எலும்பு இருக்கும் இடங்களில் உடம்பின் எடையே குழாய்களை நசுக்கிவிடும். அடியில் பை, மேலே குதிகால், நடுவில் ரத்தம் வராத தோல். ஆறு மணி நேரம் என்பதை உணர்வற்ற காலுக்குப் பாதுகாப்பான கெடுவாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

மின் போர்வைக்குள் என்ன இருக்கிறது

இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மாதிரியே ஒரு மெல்லிய கம்பி, துணிக்குள் வளைந்து வளைந்து ஓடுகிறது. கரண்ட் பாயும்போது சூடாகிறது. கூடவே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும்: அதாவது குறிப்பிட்ட சூடு வந்ததும் கரண்ட்டை நிறுத்தி, ஆறியதும் மறுபடி விடும் தானியங்கி சுவிட்ச்.

"அதான் தானா ஆஃப் ஆகிடுதே, அப்புறம் என்ன பயம்?" என்பார்கள். அந்த சுவிட்ச் அளப்பது போர்வையின் சூட்டை. படுத்திருப்பவரின் குதிகாலை அது அளப்பதில்லை. போர்வை மடிந்த இடத்திலும், உடம்புக்கு அடியில் சிக்கிய இடத்திலும் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். ரிமோட்டில் உள்ள 1, 2, 3 என்ற எண்களும் டிகிரி இல்லை. ஒரு கம்பெனியின் 1 இன்னொன்றின் 2 ஆக இருக்கலாம். சூடு உணராதவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று இந்தப் போர்வைகளோடு வரும் கையேட்டிலேயே பொதுவாக எழுதியிருப்பார்கள். பெட்டியைப் பிரித்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

அப்படியானால் வந்த போர்வையைத் தூக்கிப் போடுவதா? வேண்டாம். படுக்கையைச் சூடாக்க அதைப் பயன்படுத்தலாம். ஆளைச் சூடாக்கத்தான் கூடாது. அவர் படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால், காலிப் படுக்கையில் மடிப்பில்லாமல் விரித்து ஆன் செய்யுங்கள். பிறகு ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கி, போர்வையைப் படுக்கையிலிருந்தே எடுத்துவிடுங்கள். மெத்தையை உங்கள் முன்கையால் எல்லா இடத்திலும் தடவிப் பாருங்கள். அதற்கப்புறம் அவரைப் படுக்கவையுங்கள். கதகதப்பு கொஞ்ச நேரம் நிற்கும், அதற்குள் அவர் உடம்புச் சூட்டைச் சாதாரணப் போர்வை பிடித்துக்கொள்ளும்.

இன்னும் சில விஷயங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்கப் போட்டிருக்கும் காற்று மெத்தையின் மேல் மின் போர்வை வேண்டாம். சிறுநீர் கசியும் படுக்கையில் 230 வோல்ட் ஒயர் ஓடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ஈரம் பட்ட போர்வையை மறுபடி போடவே கூடாது. வீட்டில் டிரிப்பர், அதாவது கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லை என்றால் இந்தப் பொருளே வேண்டாம் என்பேன். உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டாலோ, கருகிய வாசனை வந்தாலோ, விலையைப் பார்க்காமல் குப்பைக்கு அனுப்புங்கள்.

போர்வை இல்லாத வீட்டிலும் சூடு இருக்கிறது

நம் பக்கத்தில் மின் போர்வையைவிட இவைதான் அதிகம் சுடுகின்றன. வீல்சேரில் உட்கார்ந்து தொடைகளுக்கு நடுவே டீ டம்ளரை வைப்பது. பிரியாணி பார்சலை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது; அது ஒரு தடவை அண்ணனின் தொடையில் சிவப்பாகத் தடம் போட்டுவிட்டது. மடியில் லேப்டாப். போர்வைக்குள் சார்ஜ் ஏறும் போன். பைக்கில் பின்னால் உட்காரும்போது சைலன்ஸரில் ஒட்டும் கால். நடுமத்தியானம் வெயிலில் நின்ற மூன்று சக்கர வண்டியின் ரெக்சின் சீட். மே மாதம் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வரும் முதல் குடம் தண்ணீர். செங்கல் ஒத்தடம், உப்பு ஒத்தடம், காய்ச்சிய எண்ணெய் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். "சூடு குடுத்தா நரம்புக்கு உயிர் வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அறுந்த பாதையைச் சூடு ஒட்டவைக்காது.

குளிருக்கு நாங்கள் இப்போது செய்வது சாதாரணமான காரியங்கள். ஒரு கனத்த கம்பளிக்குப் பதில் இரண்டு மூன்று மெல்லிய பெட்ஷீட். இறுக்கமில்லாத சாக்ஸ், தலைக்கு மங்கி கேப். கடல்பக்க ஜன்னலைப் பொழுது சாய்ந்ததும் சாத்திவிடுவோம். படுக்கும் முன் காலை மெதுவாக நீட்டி மடக்கிவிடுவோம். வெந்நீர்ப் பை வைத்தே ஆக வேண்டும் என்றால் உணர்வுள்ள மார்புப் பக்கம், துணி சுற்றி, அவன் விழித்திருக்கும்போது மட்டும். அங்கே சுட்டால் அவனே கத்துவான். உடம்பு அளவுக்கு மீறி ஜில்லென்று இருந்தால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 35 டிகிரிக்குக் கீழே இருந்தால் போர்வையைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுட்டுவிட்டால்

உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வலியில்லையே, சின்னதுதானே என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அந்த இடத்தில் எடை விழாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் சின்னக் கொப்புளம் படுக்கைப்புண்ணாக மாறிவிடும்.

தினமும் காலையிலும் ராத்திரியும் உணர்வில்லாத தோல் முழுவதையும் பார்க்க வேண்டும். "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். நம் நிறத்தில் சிவப்பு பல நேரம் சரியாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, பளபளப்பாக இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத எந்த மாற்றத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கழுத்திலோ, மேல் முதுகிலோ அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. உணர்வில்லாத இடத்தில் சுட்டால் மூளைக்குத் தெரியாது. ஆனால் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் தானாக இயக்கும் நரம்புகள் பதறி ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடலாம். இதற்கு ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பெயர். நெஞ்சாங்குழி மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இது வரும். திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, அடிபட்ட இடத்துக்கு மேலே மட்டும் வியர்ப்பது ஆகியவை அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவைக்காதீர்கள். சூட்டை எடுத்துவிடுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். குறையாவிட்டால் 108.

இவர்களுடைய வழக்கமான மேல் ரத்த அழுத்தம் பெரும்பாலும் 90லிருந்து 110க்குள் இருக்கும். ஆகவே 140 என்று காட்டினால் ஆஸ்பத்திரியில் "இது நார்மல்தானே" என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்ற பெயரையும், அவருடைய வழக்கமான அழுத்தத்தையும் ஒரு அட்டையில் எழுதி வீல்சேர்ப் பையில் வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் நமக்கு நாக்கு குழறும்.

இந்த மார்கழியிலும் அம்மா அதே ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றுகிறார். எட்டரை மணிக்குக் காலிப் படுக்கையில், கால் வரும் இடத்தில் வைப்பார். ஒன்பது மணிக்கு எடுத்து, அண்ணன் கண்ணுக்கு நேரே இருக்கும் ஜன்னல் ஆணியில் மாட்டுவார். அப்புறம்தான் நாங்கள் இரண்டு பேரும் அவனைத் தூக்கிப் படுக்கவைப்போம். பை ஆணியில் தொங்குவதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அவன் லைட்டை அணைக்கச் சொல்வான்.